கடவுள் நல்லவர் என்றால் தீமை ஏன்? மலாக்கா சவேரியார் எதிர்கொண்ட கேள்வி

மலாக்கா செயின்ட் பால் குன்றில் ஏறியவர்களுக்கு, வலது கை இல்லாத அந்த வெள்ளைச் சிலை தெரிந்திருக்கும். ஜாலான் லக்சமானா தேவாலயமும் அவர் பெயரில்தான். புனித பிரான்சிஸ் சேவியர்; தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சவேரியார். கடவுள் நல்லவர் என்றால் ஏன் இவ்வளவு கெட்டது நடக்குது என்ற கேள்வி, இவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

யார் இவர்?

1506-இல் ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்தவர். இயேசு சபையின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். 1542-இல் கோவா வந்து, தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் வேலை செய்தார். ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார்.

1544-இல் என்ன நடந்தது?

வடுகர் படை தாக்கியதில், மீனவர்கள் குமரிமுனைப் பாறைகளில் பசியோடும் தாகத்தோடும் ஒளிந்தார்கள். சவேரியார் 20 தோணிகளில் உணவோடு புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்று விடவில்லை! அதே ஆண்டில், மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களான சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான்.

மறு ஆண்டு மலாக்கா வந்தார், நோயாளிகளைக் கவனித்தார். 1547-இல் இங்கேதான் அஞ்ஜிரோவைச் சந்தித்தார். கொலை செய்துவிட்டு ஜப்பானிலிருந்து ஓடிவந்த அந்த மனிதருக்கு, மனம் அமைதியில்லை. அந்தச் சந்திப்புதான் சவேரியாரை 1549-இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனது.

ஜப்பானியர் கேட்டது என்ன?

யமகுச்சி மக்கள் நேராகவே கேட்டார்கள்: நல்ல கடவுள் பேய்களை ஏன் படைத்தார்? இந்தச் செய்தி தெரியாமலே செத்துப்போன எங்கள் முன்னோர் கதி என்ன?

படைக்கும்போது எல்லாம் நல்லதே, சொந்த விருப்பத்தால்தான் கெட்டுப்போனார்கள் என்றார் சவேரியார். கொல்லாதே, திருடாதே என்பது எல்லார் மனசாட்சியிலும் இருக்கிறது என்றும் விளக்கினார். ஆனால் நரகத்திலிருந்து மீட்பில்லை என்றதும் அவர்கள் அழுதார்கள். அவருக்கும் வேதனைதான்.

இந்தப் பதில் போதுமா?

சங்கிலியின் வாளுக்குப் பொருந்தும்; தோணிகளைத் தடுத்த காற்றுக்குப் பொருந்துமா? அங்கே கிறிஸ்தவம் சிலுவையைக் காட்டுகிறது: கடவுளே நம்மோடு துன்பப்பட்டார் என்கிறது. அது விளக்கம் இல்லை, துணை.

நல்லவர்களும் தீமைக்கு வழிவிடலாம். கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546-இல் மன்னருக்கு எழுதியவர் இவரே. அது 1560-இல் அமைந்து பலரை வதைத்தது.

1552-இல் மலாக்கா கேப்டன், வாஸ்கோ ட காமாவின் மகன் அல்வாரோ, இவருடைய சீனத் தூதுப் பயணத்தைத் தடுத்தார். ஆனாலும் கிளம்பிய சவேரியார், டிசம்பர் 3-ஆம் தேதி சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தார். உடல் சில மாதங்கள் மலாக்காவில் இருந்து, பிறகு கோவா போனது.

அந்த முன்னோர்கள் கேள்வி? 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடியவர்களும் மீட்படையலாம் என்றது. ஒரே வீட்டில் முருகன் படமும் மாதா படமும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு, அது சின்ன விஷயமில்லை.