முன்னால் நின்ற தவான்

திசைகாட்டும் 'நாவிக்' செயற்கைக்கோள்கள் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டா தளம், சதீஷ் தவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1920-இல் ஸ்ரீநகரில் பிறந்த தவான், 1972-இல் இஸ்ரோ தலைவரானார்.

1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனா, பத்திரிகைக்காரங்க முன்னால போய் நின்னு பதில் சொன்னவர் தவான்! மறுவருஷம் ஜெயிச்சதும் கலாமைப் பேச அனுப்பிட்டு ஒதுங்கிக்கிட்டார். (பட்டுக்கோட்டையில் நான் அரியர் வைத்தப்ப, ஊராருக்குப் பதில் சொன்னவர் கைநாட்டு வைக்கும் எங்கப்பா.)

2002-இல் தவான் மறைந்தார். அவ்வாண்டே தளத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

2013-இல் அங்கிருந்து போன நாவிக்கின் முதல் கோளில் அணுக்கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2017 ஆகஸ்டில் அனுப்பிய மாற்றுக்கோள், வெப்பக்கவசம் கழலாமல் வீணானது. அன்றும் தலைவர் கிரண்குமாரே முன்னால் வந்து தோல்வியை அறிவித்தார். 2018 ஏப்ரலில் அடுத்த மாற்றுக்கோள் சரியாகப் போய்ச் சேர்ந்தது.