வழித்துணையான ஊசி

இயந்திரத்தைப் படைப்பது ஓர் ஆற்றல். அது நடுவழியில் நின்றால் காரணமறிந்து மீண்டும் இயக்குவது மற்றோர் ஆற்றல். இவ்விரண்டாம் ஆற்றலால் தானுந்து வரலாற்றில் இடம்பெற்றவர் பெர்த்தா பென்சு.

ஜெர்மனியின் போர்ட்ஸைம் நகரில் 1849ஆம் ஆண்டு பிறந்த இவர், தம் சீதனப் பணத்தைக் கார்ல் பென்சின் தொழிற்கூடத்திற்கு அளித்தார். கார்ல் உருவாக்கிய மூன்று சக்கர ஊர்தி 1886இல் காப்புரிமை பெற்றது. எனினும், அதனை நம்பி வாங்குவோர் அரிதாகவே இருந்தனர்.

1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் விடியலில், கணவரிடம் கூறாமலே, மகன்கள் இருவருடன் மன்ஹைமிலிருந்து தாய்வீட்டிற்கு அவ்வூர்தியில் புறப்பட்டார் பெர்த்தா. தொலைவோ 100 கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருள் குறைந்தபோது, வீஸ்லோக் நகர மருந்துக்கடையில் கறைநீக்கப் பயன்பட்ட லிக்ராயின் என்னும் நீர்மத்தை வாங்கி நிரப்பினார். எரிபொருள் இருந்தும் ஊர்தி நின்றபோது, குழாயில் அடைப்பு ஏற்பட்டிருப்பதைக் கண்டறிந்து, தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அதனை நீக்கினார். தீப்பொறிக் கம்பியின் காப்பு தேய்ந்தபோது, காலுறைப் பட்டையைச் சுற்றிச் சீர்செய்தார். தேய்ந்த தடைக்கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். செங்குத்தான மேடுகளில் மைந்தர்கள் வண்டியைத் தள்ளினர்.

அந்தி சாய்ந்தபின் ஊரடைந்த பெர்த்தா, கணவருக்குத் தந்தியனுப்பினார். மேடேற உதவும் கூடுதல் பற்சக்கர அமைப்பு தேவை என்பதையும் அப்பயணமே உணர்த்தியது. 1944இல், தம் 95ஆம் பிறந்தநாளில், கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தின் சிறப்பைப் பெற்ற அவர், இரண்டு நாள்களில் மறைந்தார். பழுதைக் கண்டு அஞ்சாது காரணத்தைத் தேடிய அவருடைய துணிவு, இன்றைய சாலைகள் தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.