மூன்றாம் தடவை சித்தியடைந்த மாணவன்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்த நாளிலிருந்தே ஒரு மாணவியை வீட்டாரும் அயலாரும் டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். மஹய்யாவவில் நான் அறிந்த வீடுகளில் இது வழமை. பெறுபேறு வந்து, இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தொடாமல் நின்றுவிட்டால் அந்த அழைப்பும் நின்றுவிடும். அதன்பின் வீட்டில் இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும். மருத்துவ பீடத்துக்காக மீண்டும் ஒருமுறை பரீட்சைக்குத் தோற்றுவதா? அல்லது விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போய், ஆய்வு, கலாநிதிப் பட்டம் என்று வேறு வழியில் செல்வதா? இந்த வருடம் அக்கேள்விகளுக்கு முன்னால் நிற்கும் மாணவிகளில் நானும் ஒருத்தி. அதனால்தான் யெல்லப்பிரகட சுப்பாராவ் என்ற மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். என்னைப் போன்ற சகோதரிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அது பயன்படும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். தந்தை நோயாளி, வீட்டில் வறுமை. படிப்பில் அவர் சிறுவயதில் பிரகாசிக்கவில்லை. வீட்டை விட்டு ஓடிப்போய்க் காசியில் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்க நினைத்தவரைத் தாயார்தான் திரும்ப அழைத்து வந்து புத்தகத்தின் முன் அமர்த்தினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் சித்தியடைந்தது மூன்றாவது தடவையில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து. இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றக்கூடிய தடவைகளும் மூன்று என்பதால், இந்த இடத்தை வாசித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பிறகு மாமனாராக வந்த கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் உதவினார்கள். அது காந்தியின் சுதேசி இயக்கம் பரவிக்கொண்டிருந்த காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கதர் ஆடையணிந்து போனார். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகச் செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். என்ற தகுதியே கொடுக்கப்பட்டது.

அதன் விளைவு உடனே தெரிந்தது. சென்னை அரசாங்க மருத்துவச் சேவைக்கு விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக வேலை கிடைத்தது. வைத்தியராக வேண்டும் என்று படித்தவருக்கு அங்கே நோயாளிகள் இல்லை, மாணவர்கள்தான் இருந்தார்கள். ஆனால் பழைய மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்வி அங்கேதான் அவர் மனதில் வேரூன்றியது. வீட்டிலும் ஒரு துயரம் நேர்ந்திருந்தது. ஸ்புரூ எனப்படும் குடல் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் பலியானார்கள். சாப்பிடும் உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தம் குறைந்து, மெலிந்து போகும் நோய் அது. வைத்தியம் படித்த தம்மால் சொந்தச் சகோதரர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்பது அவரை விட்டு நீங்காத வேதனையாக இருந்தது.

1922ஆம் ஆண்டு, தர்ம நிதியொன்றின் உதவியோடும் மாமனாரின் பணத்தோடும் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் கற்பதே நோக்கம். கையில் இருந்த காசு சொற்பம். வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியராகச் சேர அவருடைய சென்னைத் தகுதி போதவில்லை. ஆகவே அதே ஊரிலுள்ள பீற்றர் பென்ட் பிரிகம் வைத்தியசாலையில் இரவு நேரச் சிற்றூழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவது அவருடைய வேலை. பகலில் ஹாவர்ட் மாணவர். இரவில் வைத்தியசாலைச் சிற்றூழியர்.

வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளோமா கைக்கு வந்தபோது, அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஊருக்குத் திரும்பி வைத்தியராக வாழலாம், குடும்பம் காத்திருந்தது. அல்லது, ஏன் இந்த நோய் வருகிறது என்ற கேள்வியோடு ஆய்வுகூடத்துக்குள் போகலாம். அவர் இரண்டாவதைத் தெரிவு செய்தார். ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியின் உயிரிரசாயனவியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் கீழ் சேர்ந்தார்.

1925இல் இருவரும் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவைக் கண்டறியும் முறையொன்றை வெளியிட்டார்கள். மாதிரியில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவிடும் எளிய முறை அது. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் அதைப் பயன்படுத்தின. அந்த முறையைக் கொண்டே 1927இல் தசையிலுள்ள பொசுபோகிரியேற்றினைக் கண்டார்கள். 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். உயர்தரப் பாடப்புத்தகத்தில் சுவாசம் என்ற அலகில் நாம் எத்தனையோ தடவை எழுதும் அந்த மூன்றெழுத்தின் பின்னால், ஒரு காலத்தில் இரவு முழுவதும் பாத்திரம் கழுவிய ஒரு மாணவனின் உழைப்பும் இருக்கிறது. 1930இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

கலாநிதிப் பட்டத்தோடு நிராகரிப்புகள் முடிந்துவிடவில்லை. மேலும் பத்து ஆண்டுகள் ஹாவர்டில் உழைத்தும் அங்கே அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கப்படவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அங்கே ஆய்வுப் பணிப்பாளரானார். அதன்பின் எட்டே ஆண்டுகள்தான் வாழ்ந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குழு செய்தவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

முதலாவது, போலிக் அமிலம். அதை ஆய்வுகூடத்தில் தொகுக்கும் வழியை 1945இல் அக்குழு கண்டது. அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்புரூ நோயாளிகளுக்கு அது மருந்தாகப் பயன்பட்டது. இன்று நம் ஊர் கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் சிறிய போலிக் அமிலக் குளிசையும் அதுவே.

இரண்டாவது, போலிக் அமிலத்தைப் போல் தோற்றமளித்து, கலங்களை ஏமாற்றி, அவை பெருகுவதைத் தடுக்கும் மருந்துகள். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை பொஸ்டன் நகரின் வைத்தியர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை, நோய் திரும்பி வந்தது. ஆனாலும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. அதே வகையைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான். டீ.ஈ.சி. என்ற பெயரில் அந்தக் குளிசை இலங்கையின் கரையோர மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. 2016இல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. நான்காவது, அவருடைய பணிப்பின் கீழ் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஓரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அது.

1948 ஆகஸ்ட் மாதம், தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. நோபல் பரிசு இல்லை. ஒரு பூஞ்சண இனத்துக்கு 1953இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய நூற்றாண்டான 1995இல் இந்தியா ஒரு முத்திரை வெளியிட்டது.

இந்த வாழ்க்கையில் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 1922இல் அவர் கப்பலேறியபோது மனைவி சேஷகிரி கர்ப்பிணி. பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவனைக் கண்டதே இல்லை. சுப்பாராவ் ஊருக்குத் திரும்பி வரவும் இல்லை. நிராகரிக்கப்பட்ட ஒருவரின் வெற்றியை நாம் கொண்டாடும்போது, வாசலைப் பார்த்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணையும் நினைக்க வேண்டும். ஆய்வு நீண்ட பாதை. அதன் விலையை ஒருவர் மட்டும் செலுத்துவதில்லை. மகளை அந்தப் பாதையில் அனுப்பும் பெற்றோரும், போகும் மகளும் இதை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது நல்லது.

மருத்துவத்தை விட்டு ஆய்வுக்குப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் ஆசை உள்ளவள் இன்னொரு தடவை தோற்றுவதே சரி. மூன்றாம் தடவையில் சித்தியடைவது வெட்கமல்ல என்பதற்கு சுப்பாராவே சாட்சி. ஆனால் நோய் ஏன் வருகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விதான் ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால், அவளுக்கு விஞ்ஞான பீடம் இரண்டாந்தர இடமல்ல. பேராதனையில் மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கின்றன. உம்மா வாப்பாமாரின் கண்களில் மட்டும்தான் அவற்றுக்கிடையே இவ்வளவு தூரம்.

தெரிவு கடினமானது என்பதால்தான் நமக்கு இஸ்திகாராத் தொழுகை கற்றுத்தரப்பட்டிருக்கிறது. தொழுதுவிட்டு, புள்ளியை மட்டும் பார்க்காமல், தன் மனதிலுள்ள கேள்வி எது என்றும் ஒவ்வொருத்தியும் பார்க்கட்டும். பயனுள்ள கல்வி எந்தக் கதவு வழியாக வந்தாலும் அது பயனுள்ள கல்விதான். என் விண்ணப்பப் படிவத்தில் முதலாவது இடத்தில் எதை எழுதுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இரண்டாவது இடத்தில் எழுதப்போவதை நினைத்து இப்போது எனக்குக் கவலையில்லை.