கிறிஸ்தவக் கம்பர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை: பாரம் இறங்கிய பிறகும் தொடர்ந்த பயணம்

விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்த மாட்டோம். பாபநாசம் பக்கம் என்று சேர்த்துச் சொல்லுவோம். அந்தப் பாபநாசம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. மனுசன் செய்த பாவம் எதனால் தீரும்? ஆற்றில் முங்கினால் தீருமா, தானதர்மம் செய்தால் தீருமா, இல்லை கடவுளாகப் பார்த்து இரங்கினால்தான் தீருமா?

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வியைக் கேட்காத சமயம் இல்லை. நம்ம ஊரில் பிறந்து, சிவஞான மாபாடியம் தந்து, 1785-ல் மறைந்த சிவஞான முனிவர், உயிரின் முயற்சிக்கும் சிவனருளுக்கும் உள்ள உறவைப் பற்றி நுணுக்கமாக எழுதியவர். ஆற்றோடு கீழே போனால் நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. அங்கே 1370-ல் அவதரித்த மணவாள மாமுனிகள் தென்கலை வைணவத்தின் தலைமை ஆசாரியர். இதே ஆற்றுப் படுகையில், திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில், 1827-ல் பிறந்த ஒருவர் இதே கேள்வியைக் கிறிஸ்தவத்துக்குள் எடுத்துக்கொண்டு போய் ஒரு காப்பியமே பாடினார். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்களைத்தான் சொல்கிறேன். மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களில் பலருக்கு அவர் பெயர், தமிழ் இலக்கிய வரலாற்றில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே தெரிந்திருக்கும். அந்த வாழ்க்கை இரண்டு மதிப்பெண்ணில் அடங்குவது அல்ல.

வைணவக் குடும்பத்துப் பிள்ளை

தந்தையார் சங்கரநாராயண பிள்ளை, தாயார் தெய்வநாயகி அம்மாள். வைணவப் பற்று மிகுந்த வேளாளர் குடும்பம். தந்தையாருக்குக் கம்பராமாயணத்தில் நல்ல ஈடுபாடு. வீட்டில் கேட்ட தமிழ்தான் பிள்ளைக்கு முதல் பாடம். பிற்காலத்தில் அவர் கிறிஸ்துவைப் பாடியபோதும் விருத்தங்களில் கம்பனின் நடை தானாக வந்து நின்றதற்குக் காரணம் இந்த வளர்ப்புத்தான்.

வைணவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும், விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாய்தான் வாயால் கவ்விக்கொண்டு போகும். முக்தி அடையும் உயிர் குரங்குக் குட்டியா, பூனைக்குட்டியா? மனித முயற்சிக்கும் கொஞ்சம் இடம் உண்டு என்பது வடகலையார் கட்சி. எல்லாம் அவன் அருள்தான் என்பது தென்கலையார் கட்சி. அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவருக்கு, அருளா செயலா என்ற பேச்சு பாதிரிமார் கொண்டுவந்து காட்டிய புதுப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

சாயர்புரமும் சென்னையும்

1853-ல், சாயர்புரத்தில் மிஷன் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வைணவர்தான். கிறிஸ்தவராகும் எண்ணத்தோடு போகவில்லை. பிழைப்புக்காகப் போன இடத்தில் புத்தகங்களும் நண்பர்களும் அவரை விடவில்லை. தனுக்கோடி ராஜு என்ற நண்பரின் தொடர்பு இதில் முக்கியமானது. கிறிஸ்தவ நூல்களைப் படித்தார், யோசித்தார், உள்ளுக்குள் போராடினார். மனுசன் தன் பாவத்தைத் தன் கையால் கழுவ முடியாது, ஒருவர் தம்மையே பலியாகக் கொடுத்ததால்தான் அது தீரும் என்ற எண்ணம் அவர் மனசில் வேர் பிடித்தது.

1858-ல் சென்னைக்குப் போய் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் சேர்ந்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் ஒரு வேளாள வாலிபர் இப்படிச் செய்தால் வீட்டிலும் உறவிலும் என்ன நடக்கும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் மாநிலக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், தினவர்த்தமானி இதழில் வேலை பார்த்தார். பிறகு சொந்தச் சீமைக்கே திரும்பி வந்து சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் பணியாற்றினார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் சில காலம் தமிழ் கற்பித்தார்.

பழைய வழக்கு

அவர் சேர்ந்த புரொட்டஸ்டண்ட் சபைகளின் அஸ்திவாரமே இந்த வழக்குத்தான். 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புயலின் மையத்தில், மனுசன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் ஆகிறான் என்ற போதனை இருந்தது. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்கள் அவருக்குப் பலம். ஆனால் அதே வேதாகமத்தில் யாக்கோபின் நிருபமும் இருக்கிறதே? செயல் இல்லாத விசுவாசம் உயிரில்லாதது என்று அது அடித்துச் சொல்கிறது. லூத்தருக்கு அந்த நிருபத்தின் மேல் அவ்வளவு மதிப்பு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1547-ல் திரெந்து சங்கத்தில் இதற்கு மறுப்புச் சொன்னது. அருள்தான் தொடக்கம், ஆனால் அந்த அருளோடு மனுசனும் ஒத்துழைக்க வேண்டும், நற்செயலுக்குப் பலன் உண்டு என்பது அவர்கள் கட்சி.

நெல்லைச் சீமையிலும் இந்தச் சூடு தெரிந்தது. கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெறுவதற்கு முந்தின வருஷம், 1857-ல், நாசரேத் பகுதியில் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷனரிகளோடு மோதிப் பிரிந்து தனிச் சபை கண்டார். மோதலுக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தச் சபை எடுத்துக்கொண்ட வழி கவனிக்கத்தக்கது: சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள். கிருபை உண்டு என்பதற்காக நியாயப்பிரமாணத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற கேள்வி அங்கே வாழ்க்கை முறையாகவே நின்றது.

இரட்சணிய யாத்திரிகம்

இந்த நிலையில்தான் கிருஷ்ண பிள்ளை தம் பெரிய வேலையை எடுத்தார். இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில் செய்த ஜான் பனியன், தடையை மீறிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் பல வருஷம் கிடந்தவர். அவர் 1678-ல் வெளியிட்ட உருவகக் கதையை எடுத்துக்கொண்டு, தமிழ்க் காப்பிய மரபில் பருவம் படலம் வகுத்து, 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் பாடினார். ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என்று ஐந்து பருவங்கள். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள். நற்போதகம் இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894-ல் நூலாக நிறைவு பெற்றது. அப்போது அவருக்கு வயது 67.

கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாச நகரத்தில் இருக்கும் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு மோட்ச நகரத்துக்குப் புறப்படுகிறான். வழியில் ஒரு உலக ஞானி, அவ்வளவு கஷ்டம் எதற்கு, பக்கத்து ஊரில் ஒழுக்கம் சொல்லித் தருகிற பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், அவரே சுமையை இறக்கிவிடுவார் என்று திருப்பிவிடுகிறான். போனால், கட்டளைகள் பிறந்த சீனாய் மலை தலைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. சுமை இறங்குவதற்குப் பதில் இன்னும் கனக்கிறது. தன் நல்லொழுக்கத்தால் தன்னை மீட்டுக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல படம் வரைய முடியாது. பிறகு சரியான வழிக்கு வந்து சிலுவையின் அடியில் நின்றதும், அவன் கை படாமலே சுமை கழன்று உருண்டு போகிறது.

லூத்தரின் கட்சி ஜெயித்துவிட்டது, அத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. சுமை இறங்குவது முன்பகுதியிலேயே. கதையின் பெரும்பகுதி அதற்கப்புறம்தான் இருக்கிறது. ஏறுவதற்கு மலை, இறங்குவதற்குப் பள்ளத்தாக்கு, போராட ஒரு அரக்கன், விலைபேசி மயக்க ஒரு மாயச் சந்தை. அந்தச் சந்தையில் கூட வந்த தோழன் உண்மைக்காக உயிரையே விடுகிறான். நடுவில் ஒரு வாய்ச்சொல் வீரன் சேர்கிறான். சமயம் பற்றி மணிக்கணக்கில் பேசுவான், வீட்டில் அவனால் ஒருத்தருக்கும் நன்மை இல்லை. அவனோடு போவது ஆபத்து என்று யாத்திரிகன் தன் தோழனுக்குச் சொல்கிறான். கடைசியில், நான் நல்லவனாக வாழ்ந்தேன், கடன் பாக்கி இல்லை, அதுவே போதும் என்று வந்தவனும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறான். பேசியே காலம் தள்ளியவனுக்கும் இடமில்லை, தன் கணக்கைக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தவனுக்கும் இடமில்லை.

இந்தக் கதைக்குக் கிருஷ்ண பிள்ளை தம் வாழ்நாளின் பலனான தமிழையெல்லாம் கொட்டிக் கொடுத்ததில்தான் அவர் நிலைப்பாடு இருக்கிறது என்பது என் எண்ணம். சுமை இறங்குவதற்காக நடப்பது வேறு, சுமை இறங்கினதால் நடப்பது வேறு. முன்னது கூலி வேலை, பின்னது நன்றி. நடையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கூலிக்கு நடப்பவன் அடிக்கடி கணக்குப் பார்ப்பான், பக்கத்தில் வருகிறவனைவிட நாம் மேல் என்பான். நன்றியோடு நடப்பவனுக்குக் கணக்குப் பார்க்க நேரம் இருக்காது.

மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டுமா? வசதியில்லாத பையனுக்கு யாரோ ஒரு பெரியவர் பீஸ் கட்டிக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுக்கிறார். அவன் படிப்பது அந்த இடத்துக்கான விலை ஆகாது. விலையை இன்னொருத்தர் கொடுத்தாகிவிட்டது. ஆனால் மூன்று வருஷமும் வகுப்புக்கே போகாமல் சுற்றினால், கிடைத்ததை அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை என்றுதான் அர்த்தம். நமது பழைய மாணவர்களில் எத்தனை பேர் இந்தப் பையனாக இருந்து, இன்றைக்கு இன்னொரு பையனுக்குப் பீஸ் கட்டுகிறோம்! பவுலும் யாக்கோபும் சண்டை போடவில்லை என்பது இதில் விளங்கும். இடம் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் சொல்கிறார், கிடைத்ததன் அடையாளம் என்ன என்று இன்னொருவர் சொல்கிறார்.

உலகச் சபைகளும் இதற்கு அருகில்தான் வந்து சேர்ந்தன. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனுசனின் தகுதியால் அல்ல, அருளால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம்; அந்த அருளே நற்செயலுக்கு நம்மை அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் சபித்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை.

முடிவு

காப்பியத்தோடு அவர் ஓயவில்லை. 1898-ல் இரட்சணிய சமய நிர்ணயம், 1899-ல் இரட்சணிய மனோகரம். எழுபதைத் தாண்டிய பிறகும் பேனா நிற்கவில்லை. மீட்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நம்பிய மனுசர் ஏன் இப்படி ஓயாமல் உழைத்தார் என்று கேட்டால், பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. 1900 பிப்ரவரி 3 அன்று காலமானார்.

அவர் சமயம் வேறாக இருக்கலாம், நம்முடையது வேறாக இருக்கலாம். சைவராகவோ வைணவராகவோ இஸ்லாமியராகவோ இருந்தாலும், நாம் பெற்றது எவ்வளவு, நாமே சம்பாதித்தது எவ்வளவு என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசிக்காதவர் யார்? மாணவச் செல்வங்களே, நூலகத்தில் இரட்சணிய யாத்திரிகம் கிடைத்தால் எடுத்துப் பாருங்க. முதல் சில பாடல்கள் கொஞ்சம் கடினமாக இருக்கும். வாய்விட்டுப் படிங்க, கம்பன் காதில் ஒலிப்பான். அப்புறம் அந்த யாத்திரிகனே உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.