அர்தேசிர் தாராபூர்

லெப்டினன்ட் கர்னல் அர்தேசிர் புர்சோர்ஜி தாராபூர் (ஆகஸ்ட் 18, 1923 – செப்டம்பர் 16, 1965) இந்தியத் தரைப்படையின் கவசப் படை அதிகாரி ஆவார். நண்பர்களும் உடன் பணியாற்றியோரும் இவரை ஆதி என்று அழைத்தனர். 1965 இந்திய-பாகிசுத்தான் போரில் சியால்கோட் முனையில் பூனா ஹார்ஸ் எனப்படும் 17ஆவது குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிப் போரிட்டு உயிர்நீத்தார். இந்தியாவின் மிக உயர்ந்த படைத்துறை விருதான பரம வீர சக்கரம் இவருக்கு இறப்பிற்குப் பின் வழங்கப்பட்டது. இவ்விருதைப் பெற்றோருள் போரின்போது லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருந்தவர் இவர் ஒருவரே.

இவருடைய வாழ்க்கை, செண்டூரியன், பட்டன் என்னும் இரு டாங்கிகளின் ஒப்பீட்டோடு பிரிக்க இயலாதபடி பிணைந்துள்ளது. எனவே அவற்றின் வடிவமைப்பும் இக்கட்டுரையில் சற்று விரிவாகவே தரப்படுகிறது.

இளமை

தாராபூர் மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய முன்னோர் ஒருவர் சிவாஜியின் படையில் பணியாற்றி, அதற்காக நூறு ஊர்களைக் கொடையாகப் பெற்றார் என்பது குடும்ப வரலாறு. அவற்றுள் தலைமையான ஊர் தாராபூர். அதுவே குடும்பப் பெயராயிற்று. பாட்டனார் காலத்தில் குடும்பம் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, நிசாம் அரசுப் பணியில் அமர்ந்தது. தந்தை பாரசீக மொழியிலும் உருதுவிலும் புலமை பெற்றவர்.

ஏழு வயதில் புனேயில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட தாராபூர், 1940இல் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். படிப்பை விட விளையாட்டிலேயே இவருக்கு நாட்டம் மிகுதி.

ஐதராபாத் படையில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஐதராபாத் அரசின் படையில் சேர விண்ணப்பித்தார். கோல்கொண்டாவிலும் பெங்களூரிலும் பயிற்சி பெற்று, 1942இல் 7ஆவது ஐதராபாத் காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். ஆனால் காலாட்படை இவருக்கு நிறைவளிக்கவில்லை. கவசப் படையில் சேர வேண்டும் என்பதே இவருடைய விருப்பம்.

அவ்விருப்பம் எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியால் நிறைவேறியது. கையெறி குண்டுப் பயிற்சியின்போது படைவீரர் ஒருவர் எறிந்த குண்டு, வெளியே செல்லாமல் எறியும் குழிக்குள்ளேயே விழுந்தது. தாராபூர் குழிக்குள் பாய்ந்து அதை எடுத்து வீசினார். கையை விட்டகன்றதும் அது வெடித்து, சிதறல்கள் இவர் மார்பில் பாய்ந்தன. ஐதராபாத் படைகளின் தலைவரான தளபதி எல் எத்ரூசு இதை நேரில் கண்டார். குணமடைந்த பின் இவரை அழைத்துப் பாராட்டிய தளபதியிடம், கவசப் படைக்கு மாற்றுமாறு தாராபூர் வேண்டினார். அதன்படி முதலாம் ஐதராபாத் லான்சர்சு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அப்பிரிவுடன் இரண்டாம் உலகப் போரின்போது மேற்கு ஆசியாவில் பணியாற்றினார்.

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. பின்னர் அதன் படைகள் கலைக்கப்பட்டபோது, தகுதியுள்ள அதிகாரிகள் இந்தியத் தரைப்படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1951இல் தாராபூர் பூனா ஹார்ஸ் பிரிவுக்கு வந்தார். 1817இல் தோற்றம் பெற்ற இப்பிரிவு குதிரைகளை விட்டு டாங்கிகளுக்கு மாறியிருந்த போதிலும், பழைய பெயரை விடவில்லை. இந்தியா செண்டூரியன் டாங்கிகளை வாங்கியபோது, அவற்றில் பயிற்சி பெற இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்களுள் தாராபூரும் ஒருவர்.

செண்டூரியனும் பட்டனும்

செண்டூரியன் இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், பிரித்தானியாவில் திட்டமிடப்பட்டது. அதன் முதல் மாதிரிகள் செருமனியை அடைந்தபோது போர் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 51 டன் எடை கொண்ட இதற்கு ஆற்றல் அளித்தது ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியர் என்னும் 650 குதிரைத்திறன் பெட்ரோல் எந்திரம். இது ஸ்பிட்பயர் போர் விமானத்தின் மெர்லின் எந்திரத்திலிருந்து உருவானது. விமானத்தின் எந்திரம் என்றாலும் டாங்கி விரைந்து ஓடவில்லை. மணிக்கு 35 கிலோமீட்டரே அதன் உச்ச வேகம். எரிபொருளையோ பெரும் அளவில் குடித்தது.

பட்டன் என்பது அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பட்டனின் பெயரைத் தாங்கிய டாங்கி வரிசை. 1954 உடன்படிக்கைக்குப் பின் எம்-47, எம்-48 ஆகிய இரு வகைகளையும் பாகிசுத்தான் அமெரிக்காவிடமிருந்து பெற்றது. எம்-48 ஏறத்தாழ 45 டன் எடையும், காற்றால் குளிர்விக்கப்படும் 810 குதிரைத்திறன் எந்திரமும், 90 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்டது. மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடியது. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் பட்டனுக்குப் பதினெட்டு, செண்டூரியனுக்குப் பதின்மூன்றுக்கும் குறைவு. வளைந்த வார்ப்பு உடலால் பட்டனின் முன்பக்கக் கவசமும் உறுதியாகவே இருந்தது. தாளில் எழுதிப் பார்த்தால் பல வரிகளில் பட்டனே முந்தும்.

வேறுபாடு, இலக்கைக் குறிபார்க்கும் முறையில் இருந்தது. பட்டனில் இரு கண்களாலும் பார்த்து இலக்கின் தொலைவை அளக்கும் ஒளியியல் தொலைவுமானியும், அதனுடன் இணைந்த எந்திரக் கணிப்பானும் இருந்தன. கருவிக்குள் தெரியும் குறி, இலக்கு நிற்கும் அதே ஆழத்தில் மிதப்பதாகத் தோன்றும் வரை திருகைச் சுழற்ற வேண்டும். நல்ல கண்பார்வையும் நீண்ட பயிற்சியும் உள்ளவர் கையில் இது மிகத் துல்லியமானது. பயிற்சி குறைந்தவர் கையில், அதுவும் குண்டுகள் விழும் நேரத்தில், இது காலத்தைத் தின்னும் கருவி. செண்டூரியனில் இத்தகைய கருவி இல்லை. குழுவினர் தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டுச் சுட்டு, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்தி மீண்டும் சுட்டனர்.

இந்த எளிய முறை பயன் தந்ததற்குக் காரணம் அதன் குண்டு. பீரங்கிக் குழாயை விட மெல்லிய கடின உலோகக் கூரைச் சுற்றி ஓர் இலேசான உறை இருக்கும். குழாயை விட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, கூர் மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் வேகத்தில் பாயும். இவ்வளவு வேகமாகச் செல்லும் குண்டு அதிகம் தாழாமல் நேர்கோட்டை ஒட்டிச் செல்வதால், தொலைவை மதிப்பிடுவதில் நூறு மீட்டர் பிழைத்தாலும் இலக்கு தவறுவது அரிது. மேலும், செண்டூரியனின் பீரங்கிக்கு நிலைப்படுத்தி பொருத்தப்பட்டிருந்தது. வண்டி குலுங்கினாலும் பீரங்கி நோக்கிய திசையிலேயே நிற்க அது உதவியது.

போர் நடந்த களமும் பட்டனுக்குத் துணை நிற்கவில்லை. செப்டம்பரில் பஞ்சாபின் வயல்களில் கரும்பும் சோளமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். பெரும்பாலான மோதல்கள் ஆயிரம் மீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே நிகழ்ந்தன. நெடுந்தொலைவில் சுடுவதற்கென்று செய்யப்பட்ட கருவிக்கு அங்கு வேலை குறைவு.

சியால்கோட் முனை

1965இல் தாராபூர் பூனா ஹார்ஸ் பிரிவின் தலைவராக இருந்தார். மூன்று ஸ்குவாட்ரன்களும் தலைமையகமும் சேர்ந்து ஏறத்தாழ 45 டாங்கிகள் கொண்ட பிரிவு அது. முதலாம் கவச டிவிசன் செப்டம்பர் 7 நள்ளிரவுக்குப் பின் சம்முப் பகுதியிலிருந்து எல்லையைக் கடந்து சியால்கோட் மாவட்டத்துக்குள் நுழைந்தது. சியால்கோட்-நரோவால் இருப்புப்பாதையில் உள்ள சாவிந்தா அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று.

முதல் நாள் திட்டப்படி அமையவில்லை. செப்டம்பர் 8 அன்று கட்கோர் அருகே 16ஆவது இலகு குதிரைப்படை பாகிசுத்தானின் 25ஆவது குதிரைப்படையின் பட்டன்களுடன் மோதி இழப்புக்குள்ளானது. (1776இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்ட இப்படை இன்றும் தென்னிந்திய வீரர்களைக் கொண்டது.) செண்டூரியன் வைத்திருந்தவர்களும் அன்று தடுத்து நிறுத்தப்பட்டனர் என்பதை, டாங்கியை மட்டும் கொண்டு வெற்றி தோல்வியை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அதன்பின் இந்தியத் தரப்பில் இரண்டு நாள் தாமதம் ஏற்பட்டது. அந்த இடைவெளியில் பாகிசுத்தான் தன் கவசப் படைகளை இப்பகுதிக்குக் கொண்டுவந்து வலுப்படுத்திக்கொண்டது.

செப்டம்பர் 11 அன்று பில்லோரா மீது தாக்குதல் தொடங்கியது. நேர் எதிரே செல்லாமல் பின்புறமாகச் சுற்றி வந்து தாக்க வேண்டும் என்பது பூனா ஹார்சுக்கு இடப்பட்ட பணி. பில்லோராவுக்கும் சாவிந்தாவுக்கும் இடையே சென்றுகொண்டிருந்தபோது, வசீர்வாலி திசையிலிருந்து பாகிசுத்தான் டாங்கிகள் பெரும் எண்ணிக்கையில் எதிர்த்தாக்குதல் நடத்தின. தாராபூர் பின்வாங்கவில்லை. எதிர்த்தாக்குதலை எதிர்கொண்டு நின்றபடியே, ஒரு ஸ்குவாட்ரனைக் கொண்டு காலாட்படையின் துணையுடன் பில்லோராவைத் தாக்கினார். இடைவிடாத பீரங்கிச் சூட்டில் காயமடைந்த இவரைப் பின்னுக்கு அனுப்ப முயன்றபோது மறுத்துவிட்டார். அன்று பில்லோரா வீழ்ந்தது.

கட்டுப்போட்ட காயத்துடனேயே அடுத்த சில நாட்களில் வசீர்வாலியைக் கைப்பற்றினார். செப்டம்பர் 16 அன்று சசோரனும் பூத்தூர் தோக்ராந்தியும் கைக்கு வந்தன. சாவிந்தாவைப் பின்புறமிருந்து தாக்கிய காலாட்படைக்குத் துணையாக இவ்விரு இடங்களிலும் நிலைகொண்டு போரிட்டபோது இவருடைய டாங்கி பலமுறை அடிபட்டது. இறுதியில் அது தீப்பற்றி எரிய, தாராபூர் வீரமரணம் எய்தினார் என்று விருதுக்கான பாராட்டுரை தெரிவிக்கிறது.

போருக்குச் செல்லும் முன்பே, தாம் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரியிடம் இவர் சொல்லியிருந்தார். வழிபாட்டு நூலைத் தாயாருக்கும், தங்கச் சங்கிலியை மனைவிக்கும், மோதிரத்தை மகளுக்கும், கைக்காப்பையும் ஊற்றுப்பேனாவையும் மகனுக்கும் கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். போர்க்களத்திலேயே தம் உடல் எரியூட்டப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இறந்தோரை அமைதிக் கோபுரத்தில் வைப்பது பார்சிகளின் மரபு. அம்மரபிலிருந்து விலகி, தம் வீரர்களைப் போலவே களத்தில் எரிய இவர் விரும்பினார். அவ்வாறே நிறைவேற்றப்பட்டது.

எண்ணிக்கைகளும் ஒப்பீடும்

பாராட்டுரையின்படி அந்நாட்களில் பூனா ஹார்ஸ் ஏறத்தாழ அறுபது பாகிசுத்தான் டாங்கிகளை அழித்து, ஒன்பது டாங்கிகளை மட்டுமே இழந்தது. இது இந்தியத் தரப்பின் கணக்கு என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். டாங்கிப் போர்களில் ஒரே இலக்கை இரண்டு, மூன்று பேர் சுட்டுவிட்டுத் தனித்தனியே கணக்கில் சேர்ப்பது இயல்பு. அடிபட்ட டாங்கி எல்லாம் அழிந்த டாங்கியும் ஆகாது. களம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தங்கள் வண்டிகளை இழுத்துச் சென்று பழுது பார்த்து மறுநாளே ஓட்டிவிடுவர். சாவிந்தாவோ, போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்த செப்டம்பர் 23 வரை இந்தியாவின் கைக்கு வரவில்லை. இதனால் சியால்கோட் முனையின் போரை இரு நாட்டு நூல்களும் தத்தம் வெற்றியாகவே எழுதுகின்றன.

இதே போரில் அசல் உத்தரில் (செப்டம்பர் 8–10) தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகிசுத்தான் டாங்கிகள் வீழ்ந்தன. அங்கு செண்டூரியன்களோடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செர்மன் டாங்கிகளும், எடை குறைந்த பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13களும், ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியுடன் அப்துல் ஹமீதும் நின்றனர். வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டுச் சேறாக்கப்பட்ட வயல்களில் பட்டன்கள் சிக்கிக்கொண்டன. இப்போருக்குப் பின் பட்டன் குறைபாடுள்ள டாங்கி என்ற பெயர் இந்தியாவில் பரவியது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1967 சூன் மாதம், இசுரேல் சினாய் பாலைவனத்தில் இதே பட்டன்களைக் கொண்டு எகிப்தின் சோவியத் டாங்கிகளை வென்றது. அதே வாரம் சோர்தானிடம் இருந்த பட்டன்கள் இசுரேலிடம் தோற்றன. ஒரே டாங்கி ஒரே வாரத்தில் ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றது எனில், விடையை டாங்கிக்குள் அமர்ந்திருந்தவர்களிடமும் அவர்களைப் பழக்கியவர்களிடமும் தேடுவதே முறை. செண்டூரியனில் பயிற்சி பெற்று வந்து தம் பிரிவைப் பழக்கிய தாராபூரின் பங்கு இங்கேதான் பெரிதாகிறது.

பின்னர்

போர் நடந்த அதே 1965ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விசயந்தா என்னும் டாங்கி வெளிவந்தது. இந்தியாவில் உருவான முதல் டாங்கி இது. இதற்கான ஒப்பந்தம் பிரித்தானிய விக்கர்சு நிறுவனத்துடன் 1961இலேயே கையெழுத்தானது என்பதால், இப்போரின் விளைவாக இது பிறந்தது எனச் சிலர் எழுதுவது சரியன்று. செண்டூரியனை விட ஏறத்தாழ 12 டன் எடை குறைந்த விசயந்தா, 105 மில்லிமீட்டர் பீரங்கியுடன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என இன்று வாகனத் தொழில் பரந்துள்ள சென்னையின் மேற்குப் பகுதியில், மகிழுந்து ஆலைகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே டாங்கி ஆலை வந்துவிட்டது என்பது பலர் அறியாத செய்தி.

பூனா ஹார்ஸ் தன் செண்டூரியன்களுடன் 1971இல் மீண்டும் இதே எல்லைப் பகுதிக்குச் சென்றது. திசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றருகே நடந்த சண்டையில், பட்டன்களை எதிர்த்து நின்று உயிர்நீத்த இருபத்தொரு வயது இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலுக்கும் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது.

1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம வீர சக்கரம் பெற்றோரின் பெயர்களைச் சூட்டியபோது, ஒரு கப்பல் தாராபூரின் பெயரைப் பெற்றது. 2023 சனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெயரற்றிருந்த 21 தீவுகளுக்கு இவ்விருதாளர்களின் பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் ஒன்று தாராபூர் தீவு.