ஜாயின்ட்டை நகர்த்தியவர்: ஃபஸ்லுர் ரஹ்மான் கான்

ஸ்டீல் டிசைன் பேப்பர்ல பீமுக்கு ஒரு கேள்வி வரும், தூணுக்கு ஒரு கேள்வி வரும். ரெண்டும் சேர்ற இடத்தைப் பத்தின கேள்வியை மட்டும் பாதிப் பேர் சாய்ஸ்ல விட்டுடுவாங்க. ஆனா நிஜக் கட்டடம் யாருக்கும் சாய்ஸ் கொடுக்காது. அந்த ஜாயின்ட்டை வைத்தே உலகின் மிக உயரமான கட்டடத்தை நிறுத்திய ஒருவரின் கதை இது.

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929 ஏப்ரல் 3 அன்று வங்காளத்தில் பிறந்தார். அப்பா கணித ஆசிரியர். கல்கத்தா அருகே சிப்பூரில் பெங்கால் எஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தார். 1950-ல் கலவரம் வெடிக்க, டாக்காவுக்குத் திரும்பி அஹ்சனுல்லா எஞ்சினியரிங் காலேஜில் படிப்பை முடித்தார். 1952-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். மூன்றே வருஷத்தில் இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும்! (ஒரு அரியரை க்ளியர் பண்ணவே சிலருக்கு அவ்வளவு நாள் ஆகும்.)

1955-ல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். நடுவில் சொந்த நாட்டுக்குத் திரும்பி கராச்சியில் அரசு வேலை பார்த்தார். அங்கே டிசைனை விட ஃபைல்தான் அதிகம். 1960-ல் மீண்டும் சிகாகோ.

அதுவரை உயரமான கட்டடம்னா உள்ளேயும் வெளியேயும் தூண், பீம்னு நெருக்கமான ஃப்ரேம். உயரம் கூடக் கூட, எடையைத் தாங்க ஆகும் ஸ்டீலைவிட காற்றைத் தாங்க ஆகும் ஸ்டீல் வேகமா ஏறும். கான் அந்த வேலையை வெளிச்சுவரிடம் கொடுத்தார். சுற்றிலும் நெருக்கமான தூண்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஆழமான பீம்கள். மொத்தக் கட்டடமும் தரையில் ஊன்றிய ஒரு குழாய் மாதிரி நிற்கும். இதுதான் ட்யூப் சிஸ்டம். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமோடு சேர்ந்து 100 மாடி ஜான் ஹான்காக் சென்டரை 1969-ல் முடித்தார். அடுத்தது சியர்ஸ் டவர்: 75 அடி சதுரத்தில் ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு, 110 மாடி, 442 மீட்டர்.

இங்கேதான் நம்ம ஜாயின்ட் வருது. ட்யூப் வேலை செய்யணும்னா ஒவ்வொரு பீமும் தூணோடு அசையாமல் பிடித்திருக்கணும். அதுக்கு கனமான வெல்டிங் தேவை. நானூறு மீட்டர் உயரத்தில், சிகாகோ குளிரிலும் காற்றிலும் தொங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான இடங்களில் நல்ல வெல்டிங் போட முடியுமா?

காற்று தள்ளும்போது பீம் எப்படி வளையுதுன்னு யோசிச்சுப் பாருங்க. எஸ் வடிவம். தூணை ஒட்டிய முனைகளில் மொமென்ட் உச்சம். நடுவில் வளைவின் திசை மாறுகிற இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம். அப்போ சைட்டில் போடும் ஜாயின்ட்டை ஏன் முனையிலேயே வைக்கணும்? இரண்டு மாடி உயரத் தூணோடு, இருபக்கமும் பாதிப் பாதி பீம்களை ஃபேக்டரியிலேயே வெல்ட் செய்தார்கள். பார்க்க மரமும் கிளையும் மாதிரி இருந்ததால் அதுக்கு கிறிஸ்துமஸ் மரம்னே பேர். கிரேனில் தூக்கி வைத்து, பக்கத்து மரத்தின் கிளையோடு பீமின் நடுவில் போல்ட் போட்டால் போதும். அந்த போல்ட்டுக்கு முக்கியமா ஷியர் மட்டும்தான் வேலை. கஷ்டமான ஜாயின்ட் கூரைக்குக் கீழே, சுலபமான ஜாயின்ட் வானத்தில்.

இவ்வளவு உயரத்துக்கும் ஸ்டீல் சதுர அடிக்கு சுமார் 33 பவுண்டுதான் ஆனது. சுமார் கால் நூற்றாண்டு உலகின் உயரமான கட்டடம் அதுதான்.

ஸ்டீலையும் கான்கிரீட்டையும் கூட்டுச் சேர்ப்பதிலும் கான் முன்னோடி. மெல்லிய ஸ்டீல் ஃப்ரேம் முதலில் ஏறும். வெளித்தூண்களைச் சுற்றி கான்கிரீட் பின்னாலேயே ஏறும். இன்று நாம் படிக்கும் கான்கிரீட் நிரப்பிய ஸ்டீல் தூண் இதுக்குத் தலைகீழ்: ஸ்டீல் வெளியே, கான்கிரீட் உள்ளே. அங்கேயும் பிரச்சினை ஜாயின்ட்தான். பீமின் ஒரு ஃபிளாஞ்ச் தூண் சுவரை அழுத்தும். உள்ளே இருக்கும் கான்கிரீட் தாங்கிக்கும். இன்னொரு ஃபிளாஞ்ச் சுவரை வெளியே இழுக்கும். அதைக் கான்கிரீட் பிடித்து வைக்காது. மெல்லிய சுவர் பிதுங்கும், வெல்டிங் கிழியும். அதனால்தான் ஃபிளாஞ்சுக்கு நேராக உள்ளே டயாஃப்ரம் பிளேட், அல்லது வெளியே சுற்றி வளைய பிளேட் வைத்து பலப்படுத்துகிறார்கள்.

கான் வேலையிலேயே மூழ்கியவர் இல்லை. ரவீந்திர சங்கீதம் என்றால் உயிர். 1971 விடுதலைப் போரின்போது சிகாகோவில் இருந்தபடியே வங்கதேச மக்களுக்காக அமைப்பு தொடங்கி நிதி திரட்டினார்.

1982 மார்ச் 27 அன்று ஜெட்டாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 52. உடல் சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது. சியர்ஸ் டவர் அடிவாரத்துச் சாலைச் சந்திப்புக்கு இன்று அவர் பெயர்.

அவர் போய் 12 வருஷம் கழித்து, 1994-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜ் பூகம்பம். ஏராளமான ஸ்டீல் கட்டடங்களில் பீமும் தூணும் சேரும் வெல்டிங்கே விரிசல் விட்டது. பிறகு வந்த தீர்வுகளில் ஒன்று, தூணிலிருந்து சற்றுத் தள்ளி பீமின் ஃபிளாஞ்சை வேண்டுமென்றே குறுக்கி வெட்டுவது. பீம் அங்கே வளைந்து கொடுக்கும், ஜாயின்ட் தப்பிக்கும். கான் காற்றுக்காகச் செய்ததும், இவர்கள் பூகம்பத்துக்காகச் செய்ததும் வேறு வேறு கணக்கு. ஆனா பின்னால் இருக்கும் யோசனை ஒண்ணுதான்: எல்லாத்தையும் தடிமனாக்கிக் கொண்டே போகாதே, எந்த இடத்துக்கு எந்த வேலைன்னு நீயே முடிவு பண்ணு.

அடுத்த முறை மொமென்ட் டயகிராம் வரையும்போது, அந்தக் கோடு பூஜ்யத்தைத் தொடுற இடத்தில் ஒரு நொடி நில்லுங்க. கான் நின்ற இடம் அது.