இரகுநாதாச்சாரியார் கண்ட விண்மீன்

சனவரித் திங்களில் இரவு 9 மணிக்கு மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறித் தெற்கே பார்த்தால் அகத்திய மீன் பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே சற்று மேற்கில், தோப்பும்படி விளக்குகளின் ஒளிப்புகைக்கு மேலே, வெறுமையாகத் தோன்றும் ஒரு துண்டு வானம் உண்டு. அங்கேதான் ரெட்டிக்குலம் என்னும் சிறிய விண்மீன் கூட்டம் இருக்கிறது. தொலைநோக்கியின் கண்ணருகே பொருத்தும் நூல்வலையின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சிவந்த விண்மீன் ஏறத்தாழ 9 திங்களுக்கு ஒரு முறை பொலிந்து மங்குகிறது. பொலிந்த காலத்தில் கைக்கு அடக்கமான இருகண் நோக்கியே போதும். மங்கிய காலத்தில் அதன் ஒளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய தொலைநோக்கி இல்லாமல் காண இயலாது. அது ஒளி மாறும் விண்மீன் என்று முதலில் கண்டவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். கண்டது 1867ஆம் ஆண்டு சனவரியில்.

அவர் பெயர் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நானும் பெயரளவில்தான் அறிந்திருந்தேன். என்னுடைய தவறு ஒன்றே என்னை அவரிடம் அழைத்துச் சென்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆராய்வது பிளேசர் எனப்படும் அண்டங்களை. அவற்றின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று உண்டு. அதிலிருந்து பாயும் ஒளிக்கற்றை நம்மை நோக்கியே இருப்பதால், அவற்றின் பொலிவு நாளுக்கு நாள், சில போது மணிக்கு மணி, மாறும். இம்மாற்றத்தை எப்படி அளப்பது? நம் வானில் காற்று உண்டு, ஈரம் உண்டு, மெல்லிய மேகம் உண்டு. மங்கியது அண்டமா, வானமா? இவ்வையத்தைத் தீர்க்க அதே படத்தில் அருகே விழும் விண்மீன்களை ஒப்பு மீன்களாகக் கொள்கிறோம். மேகம் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மறைக்கும். வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டால் மேகம் கழிந்துவிடும். 

என் தந்தையார் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தராசும் எடைக்கல்லுமே இருந்தன. ஒப்பு மீன் என்பது வானத்து எடைக்கல். ஒரே ஒரு வேறுபாடு: கடைத்தெருவின் கல்லுக்கு அரசினர் முத்திரை உண்டு, வானத்துக் கல்லுக்கு முத்திரை இடுவார் இல்லை.

பிறர் எடுத்துப் பொதுவில் வைத்த படங்களிலிருந்து நான்கு இரவுகளில் என் அண்டம் பத்தில் ஒரு பங்கு மங்கியதாகக் கண்டேன். எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. படம் வரைந்து கட்டுரையின் முதல் பக்கத்தையும் எழுதிவிட்டேன். என் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: ஒப்பு மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டாயா என்று. ஒப்பிட்டேன். இரண்டாம் மீனும் மூன்றாம் மீனும் அண்டமும் அசையாமல் இருந்தன. நான் நம்பிய முதல் மீன்தான் மெல்லப் பொலிந்திருந்தது! எடைக்கல் மாறியதை மிளகு குறைந்ததாக எழுதிவிட்டேன். வெட்கத்தோடு ஒளி மாறும் விண்மீன்களின் பழைய வரலாற்றைப் புரட்டியபோதுதான் இரகுநாதாச்சாரியாரை உண்மையாகச் சந்தித்தேன்.

அவர் 1828 வாக்கில் பிறந்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். இளமையிலேயே சென்னை வானாய்வகத்தில் சேர்ந்து, இறக்கும் வரையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். அவ்வானாய்வகம் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டிருப்பதைச் சென்னை செல்லும் நண்பர்கள் காணலாம். கருவியைத் தாங்கிய கல்லில் தமிழ் இருந்தது; கருவியின் பின்னே கண் வைத்துத் தமிழ்நாட்டார் எத்தனை இரவு விழித்தனர் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

1861இல் நார்மன் இராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைவராக வந்தார். விண்மீன் பொலிவுக்கு நாம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல் அவர் வகுத்தது. ஐந்து படி வேறுபாடு என்றால் நூறு மடங்கு ஒளி என்று 1856இல் அவர் வரையறுத்தார். ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அந்த எண் அவருடையதே. ஒளி மாறும் விண்மீன்களில் அவருக்குத் தணியாத காதல். ஒவ்வொன்றுக்கும் ஒப்பு மீன்களைக் குறித்துப் படத்தொகுதி ஒன்று செய்து வந்தார். அது அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1891இல் அவர் சென்னையிலேயே இறந்தார்.

இவருக்கு முதல் உதவியாளராக இருந்தவர் இரகுநாதாச்சாரியார். அவருடைய அன்றாட வேலை சுவையற்றது. உச்சிக்கோட்டைக் கடக்கும் விண்மீனின் நேரத்தையும் உயரத்தையும் குறிக்க வேண்டும். அடுத்ததற்குத் திரும்ப வேண்டும். மறுநாள் கணக்கிட வேண்டும். 1862இல் தொடங்கி 5000க்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடம் இவ்வாறு அளக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு இவர் கண்ணும் கையும் செய்தது. புகழ் தரும் வேலை அன்று இது. ஆயினும் இவ்வேலையின் நடுவிலேதான் ரெட்டிக்குலத்து மீன் அகப்பட்டது.

நண்பர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அம்மீன் தென்முனைப் பக்கத்தது. கிரீனிச்சில் அது எழுவதே இல்லை. கொச்சியில் அது மிக உயர்ந்து நிற்கும் வேளையிலும் அடிவானத்திற்கு மேலே 17 பாகைதான். சென்னையில் அதுவும் இல்லை; 14 பாகை. அவ்வளவு தாழ்வில், தலைக்கு நேரே உள்ள மீனைப் போல் நான்கு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு ஒளி வர வேண்டும். கடற்கரை நகரத்து ஈரக்காற்று வேறு. அங்கே ஒரு மீன் மங்கலாகத் தெரிந்தால், வழியில் புகை என்று தள்ளிவிடுவதே எவர்க்கும் எளிது. உதவியாளராக இருப்பவர்க்கு இன்னும் எளிது. மேலதிகாரியிடம் சென்று மீன் மாறிவிட்டது என்று சொல்லிப் பொய்யாகிப் போனால் இழப்பது யார்? அது காற்றின் குற்றம் அன்று, மீனின் இயல்பே என்று துணிந்து சொல்ல ஒரே வழிதான் உண்டு. அதே உயரத்தில், அதே காற்றில் நிற்கும் அக்கம்பக்கத்து மீன்கள் மங்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்த மீன்களை அவர் இரவுதோறும் அறிந்திருந்தார். கணினி இல்லாத அக்காலத்தில், இரண்டு ஒப்பு மீன்களுக்கு நடுவே புதிய மீனை வைத்து, இதற்கு எத்தனை படி குறைவு, அதற்கு எத்தனை படி மிகுதி என்று கண்ணாலேயே நிறுப்பார்கள். மாற்றம் உறுதியாயிற்று. அக்கூட்டத்தில் ஒளி மாறுவனவற்றின் முதல் மீன் ஆகையால் மரபுப்படி ஆர் என்னும் எழுத்தைப் பெற்றது. ஆர் ரெட்டிக்குலி என்றே இன்றும் பெயர்.

அதே பெயர் வரிசை பிற்காலத்தில் நீண்டுகொண்டே போயிற்று. 1929இல் ஜெர்மனியில் ஹோஃப்மைஸ்டர் என்பவர் பல்லி என்னும் விண்மீன் கூட்டத்தில் கண்ட மாறும் மீன் பி.எல். லாசெர்ட்டே எனப்பட்டது. 1968இல்தான் அது வானொலி அலைகளை வீசும் ஒரு பொருள் என்று தெரிந்தது. பின்னர் அது விண்மீனே அன்று, ஏறத்தாழ 90 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஓர் அண்டம் என்று துணிந்தனர். என் பிளேசர்கள் இவ்வாறு இரகுநாதாச்சாரியார் மீனின் பெயர் வரிசையிலிருந்து பிறந்தவை.

1868 ஆகஸ்டு 18இன் முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றபோது, வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். 1872இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் இவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

ஆனால் அவர் உள்ளம் நின்ற இடம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பகலெல்லாம் வானாய்வகத்துக் கணக்கு. வீட்டிலோ தலைமுறை தலைமுறையாக வந்த பஞ்சாங்கம். இரண்டையும் ஒரே கையால் எழுதியவர் அவர். பழைய வாய்பாட்டின்படி திங்கள் இருக்க வேண்டிய இடமும், தம் கருவியில் அது இருந்த இடமும் ஒவ்வாமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவர்? திதி சில மணி நேரம் தவறுகிறது என்றால் நோன்பும் சிராத்தமும் தவறுகின்றன என்று பொருள். தம் முன்னோரின் எடைக்கல் தேய்ந்திருக்கிறது என்று தம் சுற்றத்தாரிடமே சொல்ல வேண்டும். வெள்ளையரிடம் சம்பளம் வாங்குபவன் சாத்திரத்தைக் குறை சொல்கிறான் என்ற பேச்சுக்கு இடம் உண்டன்றோ? அவர் சொன்னார். கண்ணுக்கு ஒத்த கணிதப்படி பஞ்சாங்கம் வெளியிட்டார்.

இதற்கும் நாம் வாழும் இந்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. பாரதப்புழை ஆற்றங்கரையில் வாழ்ந்த வடசேரிப் பரமேசுவரர் அரை நூற்றாண்டுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். காண்பதோடு ஒவ்வாத கணக்கைத் திருத்த வேண்டும் என்பது அயலார் கொண்டுவந்த கருத்து அன்று, இங்கேயே விளைந்தது. ஆயினும் எங்கள் வீட்டில் பாட்டி இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம்தான் பார்க்கிறார். மாமா திருக்கணிதம். ஏகாதசி எந்நாள் என்று ஆண்டில் இரண்டு முறையாவது சண்டை வரும். நான் வாய் திறப்பதில்லை.

1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடந்தது. அதைப் பொதுமக்கள் அறிய வேண்டுமென்று இரகுநாதாச்சாரியார் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதினார். புதிய வானியலை அறிந்தவரும் பழைய முறை அறிந்த பண்டிதரும் உரையாடுவதாக அது அமைந்திருக்கிறது. அப்பண்டிதரை மூடராக்காமல் எழுதியதை எண்ணி நான் வியக்கிறேன். அவருடைய தந்தையும் பாட்டனும் அப்பண்டிதரைப் போன்றவர்கள் அல்லரோ! நம்மவர் கருவி கொண்டு பயில நம்மவர்க்கென ஒரு வானாய்வகம் வேண்டும் என்றும் அவர் மன்றாடினார். அது அவர் காலத்தில் கைகூடவில்லை. 1880 பிப்ரவரி 5ஆம் நாள் இறந்தார். அவர் உழைத்த விண்மீன் அட்டவணையும் அப்போது முடிந்திருக்கவில்லை.

சென்னையின் வானாய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. பின்னர் சவ்வாது மலைக் காவலூரில் பெரிய தொலைநோக்கி எழுந்தது. அங்கும் நைனித்தாலிலும் இன்று நம் மாணவர்கள் பிளேசர்களை ஒப்பு மீன்களோடு வைத்து அளக்கிறார்கள்.

சென்ற சனவரியில் ஒரு நாள் இரவல் வாங்கிய இருகண் நோக்கியோடு மாடியில் ஏறினேன். கீழே ஈரக்காற்று, துறைமுகப் பக்கத்து விளக்கொளி. ரெட்டிக்குலத்தின் பெரிய மீன்கள் இரண்டை அடையாளம் கண்டேன். ஆச்சாரியாரின் மீன் தெரியவில்லை. மீன் மங்கிய காலமா, வானம் மங்கிய காலமா என்று அறிய அக்கம்பக்கத்துச் சிறு மீன்களைத் தேடினேன். அவையும் தெரியவில்லை. குறிப்பேட்டில் புகை என்று எழுதிவிட்டு இறங்கினேன்.